மூன்றேகால் சென்ட், நாற்பது நிமிடம், ஒரு விசில்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். 400 மீட்டர் ஓடுதளத்தில் அதே தூரத்தை ஓட 35 சுற்று வேண்டும். மலையை மூன்று முறை சுற்றினால் 42 கிலோமீட்டர். மேலே 195 மீட்டர் சேர்த்தால் ஒரு முழு மாரத்தான். ஆண்டுக்கு 12 அல்லது 13 பௌர்ணமி வரும். அந்த நாட்களையும் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் 10 நாளையும் கழித்தாலும், 340 விடியற்காலைகள் இந்தப் பாதையில் காசில்லாமல் ஓடலாம்.

ஓடவும் செய்கிறார்கள். காலை 5 மணிக்குப் போய்ப் பாருங்கள். திருநீறு பூசி வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு நடுவே, ஷூ போட்ட பையன்கள் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் அவர்கள். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள். பத்தொன்பது, இருபது வயதில் வந்து, எப்படி மூச்சு விடுவது, எந்த வேகத்தில் தொடங்குவது என்று ஒவ்வொன்றாகப் புதிதாகக் கற்றுக்கொள்கிறார்கள். இதைப் பன்னிரண்டு வயதில் கற்றிருக்கலாம். அதற்கான நேரம் அவர்கள் படித்த பள்ளியின் கால அட்டவணையிலேயே எழுதப்பட்டிருந்தது. அந்த நேரம் எங்கே போனது, அதைத் திரும்பக் கொண்டுவர என்ன செலவாகும் என்பதுதான் இந்தக் கணக்கு.

முதலில் நேரம். வாரத்துக்கு இரண்டு உடற்கல்வி (பி.டி.) பீரியட், ஒன்றுக்கு 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆக வாரத்துக்கு 80 நிமிடம். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்குச் சொல்லும் 220 வேலை நாளை எடுத்துக்கொண்டால் 44 வாரம். ஆண்டுக்கு 58 மணி 40 நிமிடம் வருகிறது. 5 முதல் 17 வயதுள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அது ஆண்டுக்கு 365 மணி நேரம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு ஆண்டுகளில் பள்ளி கொடுக்கும் நேரம் மொத்தம் 410 மணி. அதாவது ஏழு ஆண்டில் பள்ளி கொடுப்பது, பிள்ளைக்கு ஓர் ஆண்டு 45 நாளுக்குத் தேவையானது மட்டும்.

அதுவும் முழுதாகக் கொடுத்தால்தான். பத்தாம் வகுப்புக்கு வந்தவுடன் பி.டி. பீரியட் கணக்குக்குப் போகும். பன்னிரண்டில் வேதியியலுக்குப் போகும். இது எந்த ஒரு பள்ளியின் குற்றமும் இல்லை, ஊர்ப் பழக்கம். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே ஆசிரியர்களிடம், விளையாட்டு வகுப்பைக் கடன் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 10, 11, 12 ஆகிய மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்டால் 410 மணி நேரம் 235 மணியாகச் சுருங்குகிறது. உலக அளவில் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 விழுக்காட்டினர் போதிய உடல் இயக்கம் இல்லாதவர்கள் என்று 2019இல் லான்செட் குழும இதழ் ஒன்று வெளியிட்ட ஆய்வு சொன்னது. இந்தியாவில் அது 74 விழுக்காடு, நான்கில் மூன்று பிள்ளைகள். நம் கால அட்டவணையைப் பார்த்தவருக்கு அந்த எண் வியப்பாக இருக்காது.

அடுத்து நிலம். திருவண்ணாமலையில் மனை விலை பேசாத டீக்கடை கிடையாது. ஆகவே சென்ட்டிலேயே கணக்குப் போடுகிறேன். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்: 130 சதுர மீட்டர், ஏறத்தாழ 1,400 சதுர அடி, மூன்றேகால் சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பெண்கள் களம் 12க்கு 8: இரண்டரை சென்ட்கூட இல்லை. கைப்பந்துக் களம் 18க்கு 9: 4 சென்ட். கோ-கோ களம் 27க்கு 16: பத்தே முக்கால் சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆண்கள் கபடி, கைப்பந்து, கோ-கோ மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் 18 சென்ட். சுற்றிலும் ஓட, நிற்க, தண்ணீர்க் குடம் வைக்க இடம் விட்டால் கால் ஏக்கர். அருணாசலேஸ்வரர் கோயில் வளாகம் சுமார் 25 ஏக்கர் என்பது இந்த ஊர்க்காரர்களின் மனதில் பதிந்த அளவு. அதில் நூற்றில் ஒரு பங்கு போதும், ஒரு பள்ளியின் 38 பிள்ளைகள் ஒரே நேரத்தில் விளையாட: கபடிக்கு இரண்டு பக்கமும் 14 பேர், கைப்பந்துக்கு 12 பேர், மீதிப் பேர் கோ-கோவில் உட்கார்ந்தும் துரத்தியும்.

செங்கம் சாலைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் களம் போடுவதை ஒரு மாலை முழுக்க நின்று பார்த்தேன். எந்தக் கட்டுரையையும்விட அந்த மாலை எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

உடற்கல்வி ஆசிரியர், பிள்ளைகளுக்கு பி.இ.டி. சார். அவர் கையில் ஒரு நைலான் கயிறு. அதில் 3 மீட்டரில் ஒரு முடிச்சு, அதிலிருந்து 4 மீட்டரில் ஒன்று, மறுபடி 5 மீட்டரில் முனை. மொத்தம் 12 மீட்டர். மூன்று பிள்ளைகள் ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்து இழுத்தார்கள். கயிறு விறைத்து முக்கோணமானதும், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே இருந்த பெண் நின்ற இடத்தில் ஓர் ஆணி அடித்தார்கள். அதுதான் களத்தின் முதல் மூலை. அங்கிருந்து ஒரு பக்கம் 12 மீட்டர், இன்னொரு பக்கம் 8 மீட்டர். நான்கு மூலையும் கிடைத்தபின் சுண்ணாம்புத் தூளை ஒரு பழைய டப்பாவில் போட்டு, அடியில் ஓட்டை வழியாகக் கோடு விட்டார்கள்.

கோடு போட்டு முடிந்ததென்று நினைத்தேன். சார் டேப்பை எடுத்து, "மூலைக்கு மூலை அளங்கடி" என்றார். ஒரு மூலைவிட்டம் 14.42 மீட்டர் வந்தது. மற்றொன்று 14.20. பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து மண்ணில் குச்சியால் எழுதினாள்: 12ஐ 12ஆல் பெருக்கினால் 144, எட்டெட்டு 64, கூட்டினால் 208. "சார், இதுக்கு வர்க்கமூலம் 14.42. அப்போ இந்தப் பக்கம் சரி, அந்தப் பக்கம்தான் கோணல்" என்றாள். அவளோடு நின்ற இன்னொருத்தி விடவில்லை: "ஒரு பக்கம் சரி, ஒரு பக்கம் கோணல்னு எப்படிடி? மூலை ஒண்ணு நகர்ந்திருக்கு." இருவரும் நான்கு மூலையையும் மறுபடி அளந்தார்கள். ஒரு மூலை கால் மீட்டர் உள்ளே தள்ளியிருந்தது. கோட்டைக் காலால் அழித்து மறுபடி போட்டார்கள். இரண்டு மூலைவிட்டமும் 14.42 வந்தபோது கைதட்டினார்கள். அதற்குள் விளையாட மிஞ்சியது பதினைந்து நிமிடம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிதாகரஸ் தேற்றம் அந்தப் பெண்களுக்கு எட்டாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. கரும்பலகையில் வந்தபோது அது மதிப்பெண்ணுக்கான கேள்வி. மண்ணில் வந்தபோது, தவறாகப் போட்டால் தங்கள் களமே கோணலாகிவிடும் என்ற கவலை. விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று நினைக்கும் பெற்றோரிடம் இந்தக் கயிற்றைத்தான் காட்ட ஆசைப்படுகிறேன். செலவு: கயிறு 60 ரூபாய், 30 மீட்டர் டேப் 400 ரூபாய், சுண்ணாம்புத் தூள் ஒரு மூட்டை 150 ரூபாய். 610 ரூபாயில் வடிவியல் ஆய்வகம்.

இனிப் பொருள்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருளுக்காக ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 என்று அளவு வைத்திருக்கிறார்கள். 250 பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் அது தலைக்கு 100 ரூபாய். போதுமா என்று கடைவீதி விலையில் நானே ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். விலை கடைக்குக் கடை மாறும், ஏறக்குறையத்தான் சொல்கிறேன். கைப்பந்து நான்கு, கால்பந்து நான்கு, ஒரு வலை எல்லாம் 6,000. ஸ்கிப்பிங் கயிறு 25, சிலம்பக் கம்பு 20 சேர்த்து 3,900. கேரம் போர்டு இரண்டும் சதுரங்கப் பலகை பத்தும் 5,500. கோ-கோ கம்பங்கள், வளையங்கள், சுண்ணாம்பு, டேப், விசில், ஸ்டாப் வாட்ச் எல்லாமாக 4,600. மொத்தம் 20,000. மிச்சமுள்ள 5,000 பஞ்சர் ஒட்டவும் போட்டிக்குப் போய்வரும் பஸ் செலவுக்கும். போதும். பட்டியலில் கேரம் இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண். அந்தப் பலகைக்கு எந்தக் காலத்திலும் பெரிய விலை இருந்ததில்லை.

பள்ளிக்கு வெளியேயும் பொருள் வந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்புத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் 33 வகைப் பொருள்கள், மொத்தம் 86 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஓர் ஊராட்சிக்குச் சராசரி 68,663 ரூபாய். திருவண்ணாமலை மாவட்டத்தில் 860 ஊராட்சிகள். இந்தச் சராசரிப்படி மாவட்டத்தின் பங்கு 5 கோடியே 90 லட்சம். பந்தும் மட்டையும் இல்லாததால் விளையாடவில்லை என்று இனி எந்த ஊரும் சொல்ல முடியாது. ஆனால் பொருளை வைக்கும் பீரோவுக்கு ஒரு சாவி உண்டு. பள்ளி விட்டு 4 மணி 10 நிமிடத்துக்கு வரும் பிள்ளைக்கு அந்தச் சாவியோடு ஒருவர் அங்கே இருக்கிறாரா என்பதில்தான் 68,663 ரூபாயும் அடங்கியிருக்கிறது.

அந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கணக்கில் அதிகம் யோசித்தேன்.

250 பிள்ளைகளுக்கு ஓர் உடற்கல்வி ஆசிரியர் என்று ஓர் அரசாணை அளவு வைத்தது. அந்த எண்ணிக்கை எட்டாத பள்ளிகளில், ஊரக நடுநிலைப் பள்ளிகளில், விசில் பெரும்பாலும் பகுதிநேர ஆசிரியர் கையில். 2012இல் தமிழ்நாடு முழுவதும் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல், இசை என்று பல பாடங்களுக்கும் சேர்த்துத்தான் அந்த எண்ணிக்கை. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். 2021இல் அது 10,000 ஆனது. 2023 அக்டோபர் அறிவிப்புக்குப் பின் 12,500. அந்த ஊதிய முறையில் மே மாதம் சம்பளம் இருக்கவில்லை. ஆக ஆண்டுக்கு 1,37,500 ரூபாய். 250 பிள்ளைகளுக்கு வகுத்தால் தலைக்கு 550. முன்னே சொன்ன பொருள் செலவு 100ஐச் சேர்த்தால் 650. ஒரு பிள்ளைக்கு, ஓர் ஆண்டுக்கு, ஆளும் பந்தும் சேர்த்து 650 ரூபாய். ஒரே ஒரு பாடத்துக்கு இரண்டு மாத டியூஷன் பீஸ் இதைத் தாண்டிவிடும்.

இந்த 650 குறைவாக இருப்பதில் எனக்குப் பெருமை இல்லை. அது அந்த ஆசிரியரின் வயிற்றிலிருந்து மிச்சம் பிடித்த தொகை. பத்தாண்டுக்கு மேலாகப் பணி நிரந்தரம் கேட்டுப் போராடுகிறவர்கள் அவர்கள். மீதி நேரத்தில் வேறு வேலைக்குப் போனால்தான் குடும்பம் நடக்கும் என்கிற ஆசிரியர், மாலை 4 மணிக்குச் சாவியோடு நிற்க முடியாது. முழுநேர ஆசிரியருக்கு மாதம் 40,000 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 4,80,000; தலைக்கு 1,920. பொருளோடு 2,020. பள்ளி நாள் ஒன்றுக்கு 9 ரூபாய் 18 காசு. நான் கேட்பது அந்தத் தொகையை.

பணம் எங்கே என்று கேட்பார்கள். 2024-25 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு 44,042 கோடி. இளைஞர் நலன், விளையாட்டுத் துறைக்கு 440 கோடி. நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய். 2025-26இல் 46,767 கோடிக்கு 572 கோடி. ஒரு ரூபாய் 22 காசாக உயர்ந்தது. உடற்கல்வி ஆசிரியர் சம்பளம் கல்வித் துறைக் கணக்கில் இருப்பதால் இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் திசை தெரிகிறது, உயர்வும் தெரிகிறது. அந்த உயர்வு எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிவது போட்டிகளில். முதலமைச்சர் கோப்பைக்கு 2024இல் 11 லட்சத்து 56 ஆயிரம் பேர் பதிவு செய்தார்கள். பரிசுத் தொகை மொத்தம் 37 கோடி. மாநில அளவில் தனிநபர் முதல் பரிசு 1 லட்சம். மாவட்ட அளவில் 3,000. மாநிலப் போட்டிவரை வந்தவர்கள் ஏறத்தாழ 33,000. வகுத்துப் பாருங்கள்: 35 பேரில் ஒருவர். கிரிவலப் பாதையின் அதே 35. பதிவு செய்தவர்களில் அரசு ஊழியரும் பொதுமக்களும் உண்டு, எல்லோரும் மாணவர்கள் இல்லை. இருந்தாலும் அந்த விகிதம் என் மனதை விட்டு அகலவில்லை. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு பையன் போளூர் வழியாக இரண்டு பஸ் மாறி மாவட்டப் போட்டிக்கு வந்து, முதல் சுற்றில் தோற்று, இருட்டுவதற்குள் மலை ஏற வேண்டுமென்று ஓடுகிறான். அவன் அந்த 34 பேரில் ஒருவன். அவனுக்கு நம் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பத்தியும் கிடையாது.

வென்றவர்களுக்குக் கல்வி வழி திறக்கிறது என்பதை மறுக்கவில்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம், எம்.பி.பி.எஸ். படிப்பில் 7 இடம், அரசு வேலையில் 3 விழுக்காடு, காவலர் தேர்வில் 10 விழுக்காடு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அரசு 25 லட்சம் கொடுத்தது. அந்தப் பெண்ணைப் பார்த்து அந்த நகரின் இன்னும் பல பெண்கள் களத்தில் இறங்கலாம். நல்லது. ஆனால் பொறியியலும் மருத்துவமும் சேர்ந்த 507 இடத்தை 11.56 லட்சத்தோடு வைத்துப் பார்த்தால் 2,280 பேருக்கு ஓர் இடம். இதை மட்டும் காட்டிப் பிள்ளையை மைதானத்துக்கு அழைத்தால், தோற்ற அன்றே அவன் வீட்டுக்குப் போய்விடுவான்.

தோற்றவருக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு நம்மிடம் கணக்கு இல்லை. அமெரிக்காவில் ஒன்று இருக்கிறது. 1972இல் அங்கே ஒன்பதாம் தலைப்பு என்ற சட்டம் வந்தது. பள்ளிகள் பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பு தர வேண்டியதாயிற்று. 27 பெண்களுக்கு ஒருவர் விளையாடிக்கொண்டிருந்த நிலை, 1978க்குள் நான்குக்கு ஒருவர் ஆனது. பொருளியல் அறிஞர் பெட்ஸி ஸ்டீவன்சன் மாநிலம் மாநிலமாக அந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்து, 2010இல் முடிவை வெளியிட்டார்: விளையாடும் பெண்களின் விகிதம் 10 புள்ளி உயர்ந்த இடத்தில், கல்லூரிக்குப் போகும் பெண்களின் விகிதம் 1 புள்ளி உயர்ந்தது, வேலைக்குப் போகும் விகிதம் 1 முதல் 2 புள்ளி. அவர்களில் பெரும்பாலோர் பதக்கக்காரிகள் இல்லை. பள்ளி அணியில் ஆடியவர்கள், அவ்வளவுதான்.

அந்த விகிதம் திருவண்ணாமலைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் அளவுகோலாக வைத்துப் பார்ப்போம். 10 பெண் பிள்ளைகளுக்கு, ஆண்டுக்கு 2,020 ரூபாய் வீதம், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு ஆண்டு: 1,41,400 ரூபாய். அதற்குக் கூடுதலாக ஒரு பெண் கல்லூரிப் படி ஏறுகிறாள் என்றால், மீதி ஒன்பது பேருக்கும் உடம்பில் தெம்பும் தோழமையும் இனாமாகச் சேர்கிறது என்றால், இது எனக்கு மலிவாகத்தான் தோன்றுகிறது. தமிழ்நாட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. வடசென்னை வியாசர்பாடியில் 1990களின் பிற்பகுதியில் உமாபதியும் தங்கராஜும் தொடங்கிய கால்பந்து அமைப்பு, படிப்பை விட்ட பிள்ளைகளைப் பந்தின் வழியே பள்ளிக்குத் திரும்பக் கூட்டி வந்தது.

எங்கள் மாவட்டத்துக்கும் அப்படிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்துவரும் ஒரு கயிறு அவசரமாகத் தேவை. 2024 பிளஸ் 2 தேர்வில் மாநிலத் தேர்ச்சி 94.56 விழுக்காடு, திருவண்ணாமலை 90.47, மாவட்டங்களில் கடைசி. மாநில அளவில் பெண்கள் 96.44, ஆண்கள் 92.37. நழுவுகிறவர்களில் பையன்கள் அதிகம். பெங்களூர்க் கட்டட வேலைக்குப் போன மாமனோ அண்ணனோ கையோடு கூட்டிப்போகும் வயது அது. மைதானம் இருந்தால் எல்லோரும் தேறிவிடுவார்கள் என்று சொல்வது பொய். ஆனால் திங்கள்கிழமை பள்ளிக்கு வர ஒரு காரணம் வேண்டும் என்ற பையனுக்கு, செவ்வாய்க்கிழமை குறுவட்டப் போட்டி இருக்கிறது என்பது ஒரு காரணம். அவன் வந்துவிட்டால் அன்றைக்கு ஆங்கிலமும் கணக்கும்கூட அவன் காதில் விழும்.

ஆகவே நான் கேட்கும் புதிய பத்தி ஒன்றுதான். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று வென்றவர்களின் பெயரை எழுதும் பதிவேட்டில், பக்கத்திலேயே இன்னொரு கோடு: பள்ளி அணியில் ஆடிய ஒவ்வொரு பிள்ளையின் வருகை நாள், போன ஆண்டு எத்தனை, இந்த ஆண்டு எத்தனை. வருகைப் பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்து எடுத்து எழுத ஒரு பேனாவும் ஓர் அரை நாளும் போதும். 220க்கு 150 நாள் வந்த பையன் 190 நாள் வந்தான் என்றால், அவன் எந்தச் சுற்றில் தோற்றிருந்தாலும் அந்த 40 நாள் அந்த ஆசிரியரின் பதக்கம்.

அந்த மாலை செங்கம் சாலைப் பள்ளியில் பிள்ளைகள் போனபிறகு, பி.இ.டி. சார் கயிற்றை முடிச்சு முடிச்சாகச் சுற்றி ஒரு மஞ்சள் பையில் வைத்தார். மண்ணில் அந்தப் பெண் குச்சியால் எழுதிய 208 இன்னும் அழியாமல் இருந்தது. சார் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.